கொம்பை இடம் மாற்றிய ஒரு வரி

அடுகோடியில் ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், சந்துக்குச் சந்து தமிழ்க் குரல் கேட்கும். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்தவர்களில் என் தந்தையும் ஒருவர். கட்டட வேலை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று போனது. டீக்கடைப் பத்திரிகையின் புண்ணியத்தால், விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக் கொண்டார்.

2007-ம் ஆண்டு, நான் பள்ளியில் படித்துக் கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை இங்குள்ள பிரௌசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஊர் அன்பர்கள் சிலர் சேர்ந்து, ஊர்ச் செய்திகளை எழுதி வைக்க ஒரு விக்கி நடத்தி வந்தார்கள். விக்கி என்றால் படிக்க வருபவரே திருத்தவும் எழுதவும் கூடிய இணையப் பக்கம். அமெரிக்கரான வார்டு கன்னிங்காம் 1995-ல் தொடங்கி வைத்த முறை இது. ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு.

முதலில் உட்கார்ந்த கம்ப்யூட்டரில் இண்டர்நெட் எக்ஸ்புளோரர். ஊர்க் கோயிலைப் பற்றிய பக்கத்தை அப்பா நான்கு வரி படித்தார். மின்சாரம் போய் வந்ததில் அந்த யந்திரம் எழவில்லை. பக்கத்து யந்திரத்துக்கு மாறினோம். அதில் இருந்தது பயர்பாக்ஸ் 2. அதே பக்கம்தான். ஆனால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்! 'கெ' என்பதில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. அப்பா சிறிது நேரம் விரலை நகர்த்திப் பார்த்துவிட்டு, "என்னப்பா, எனக்குத்தான் எழுத்து மறந்து போச்சா?" என்றார்.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. குற்றம் அவர் மேல் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அழகுக்குப் போட்ட வரி

காரணம் பிறகுதான் விளங்கியது. பத்திரிகைப் பத்தி போல இரு ஓரமும் நேராக இருக்கட்டும் என்று, விக்கியைக் கவனித்து வந்தவர் அதன் ஸ்டைல் ஷீட்டில் 'டெக்ஸ்ட்-அலைன்: ஜஸ்டிஃபை' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். எழுத்தின் அளவு, நிறம், ஓரம், கட்டம் ஆகியவற்றுக்கு உத்தரவு எழுதி வைக்கும் ஏடுதான் ஸ்டைல் ஷீட். யூனிகோடு முறையில் 'கெ' என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது பிரௌசரின் பொறுப்பு. வரியை இழுத்து நிரப்ப வேண்டி வந்தபோது, அந்தக் காலப் பயர்பாக்ஸ் ஒவ்வொரு குறியையும் தனித்தனியே வைத்துவிட்டது. ஆங்கிலத்துக்கு அதனால் நஷ்டமில்லை. தமிழும் இந்தியும் சிதறின.

அந்த ஒரு வரியை எடுத்ததும் பக்கம் சரியாயிற்று. 2008 ஜூனில் வந்த பயர்பாக்ஸ் 3-ல் கோளாறே நீங்கிவிட்டது.

300-ம் 330-ம்

இந்தத் தகராறு தமிழுக்கு மட்டும் வந்ததல்ல. ஸ்டைல் ஷீட் யோசனையை 1994 அக்டோபரில் வெளியிட்டவர் நார்வே நாட்டவரான ஹோகன் வியும் லீ. 1996 டிசம்பரில் அது முறையான விதியாயிற்று. விதி ஒன்றுதான், பிரௌசர் கம்பெனிகள் அதைக் கடைப்பிடித்த விதம் வேறு வேறு. ஒரு கட்டத்தின் அகலம் 300 புள்ளி என்று எழுதி, உள்ளே இருபுறமும் 10 புள்ளி இடைவெளியும், 5 புள்ளிக் கோடும் போட்டால், விதிப்படி மொத்தம் 330. ஆனால் 1999-ல் வந்த இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 எல்லாவற்றையும் 300-க்குள் அடக்கியது. 30 புள்ளி வித்தியாசத்தில் வலப்பக்கக் கட்டம் இடமில்லாமல் கீழே இறங்கிவிடும்.

ரெயில்வேக்காரனுக்கு இது புதிதல்ல. பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ் 1000. இரண்டும் சந்தித்த ஸ்டேஷனில் சரக்கை இறக்கி ஏற்றத்தான் வேண்டியிருந்தது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் செய்ததும் ஏறக்குறைய அதுவே. அதன் 'மோனோபுக்' தோற்றத்துக்குப் பொது ஏடு ஒன்று; இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.0, 5.5, 6, 7 ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்த ஏடு. ஆப்பராவுக்கும் இருந்தது! எக்ஸ்புளோரருக்கான ஏடுகளை அழைத்த வரிகள் மற்ற பிரௌசர்களுக்கு வெறும் குறிப்புரையாகத் தெரிந்தன. அவை படிக்காமல் தாண்டிப் போய்விட்டன. யார் யோசித்தார்களோ, கெட்டிக்காரர்கள்.

இண்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 2022 ஜூன் 15-ந் தேதியுடன் மைக்ரோசாப்ட் விடை கொடுத்துவிட்டது. குரோம், எட்ஜ், ஆப்பரா மூன்றுக்கும் இன்று உள்ளே ஒரே யந்திரம். அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. செல்போனுக்குச் செல்போன் தமிழ் எழுத்துரு மாறுகிறது, திரையின் அகலம் மாறுகிறது.

சங்கத்துக்கோ ஊருக்கோ விக்கி நடத்தும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வரிக்கு வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். இல்லையேல் மேல்வரியின் 'கூ', 'மூ' ஆகியவற்றின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். எழுத்துகளை விலக்கி வைக்கும் உத்தரவு தமிழுக்கு வேண்டாம். சில பிரௌசர்களில் காலும் கொம்பும் தனியே பிரிந்து நிற்கும். படத்தின் அகலம் திரையைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி அவசியம். மாற்றம் செய்தும் பழையபடியே தெரிந்தால் பதற வேண்டாம். பிரௌசர் பழைய ஏட்டைச் சேமித்து வைத்திருக்கும். கண்ட்ரோல் விசையுடன் எஃப்5 அழுத்தினால் புதியது வரும்.

முக்கியமாக, பொது ஏட்டில் நேரே கை வைக்காதீர்கள். மீடியாவிக்கியில் உறுப்பினர் தம் சொந்தக் கணக்கிலேயே ஒரு ஸ்டைல் ஷீட் வைத்துப் பரீட்சை பார்க்கலாம்; அது அவருக்கு மட்டுமே தெரியும். விக்கிப்பீடியாவில் பொது ஏட்டைத் திருத்தும் உரிமை 2018 முதல் இடைமுக நிர்வாகிகள் என்ற சிலருக்கே தரப்படுகிறது. அங்கே ஒரு வரி தவறினால் அத்தனை வாசகருக்கும் தவறும். பரீட்சையைப் புதுக் கணினியில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதிலும் பயனில்லை. வீட்டில் இருப்பதிலேயே பழைய செல்போன் யாரிடம் இருக்கிறதோ, அவரிடம் காட்டிக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் அது அப்பாவிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து அதில் படிக்கிறார். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. விரல் வைத்துப் படிக்கும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. விரல் பட்டால் பக்கம் நகர்ந்துவிடுகிறது. விட்ட வரியைத் தேடிக் கொடுக்க நான் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.