கல்லூரிப் பெயரும் கம்ப்யூட்டர் வேலையும்
கடை முதலில் கை வைக்கும் முன் ஒரு கணக்கு

மே 5 வணிகர் தினம் கொண்டாடி முடித்த கையோடு பிளஸ் டூ ரிசல்ட்டும் வந்துவிடுகிறது. அதன் பிறகு நம் கடைத்தெருவில் பருப்பு விலையை விட அதிகம் பேசப்படுவது காலேஜ் சீட்தான். "பெரிய காலேஜில் சேர்த்தால்தான் பையனுக்குக் கம்பெனி வேலை" என்று யாராவது சொன்னால் போதும். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தும், வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தும், சரக்கு வாங்க வைத்திருந்த பணத்தைத் திருப்பிவிட்டும் மேனேஜ்மென்ட் சீட் வாங்குவோர் நம்மில் பலர். கல்லூரிப் பெயருக்கு அவ்வளவு விலை தகுமா? வியாபாரிகளாகிய நாம் வியாபாரக் கண்ணோடு பார்ப்போம்.

பெயர் செய்யும் வேலை

பழகிய மில்லிலிருந்து அரிசி வந்தால் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே இறக்கிக்கொள்கிறோம். புது மில் என்றால் குத்தூசி போட்டு நாலு மூட்டையாவது பார்க்கிறோம். சாஃப்ட்வேர் கம்பெனிகள் செய்வதும் இதுதான். தமிழ்நாட்டில் 400க்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் உள்ளன. எல்லா வாசலிலும் போய் நிற்க எந்தக் கம்பெனிக்கும் நேரமில்லை. முன்பு எடுத்த சரக்கு எங்கே நன்றாக இருந்ததோ அங்கேயே மறுபடியும் போகின்றன. 1794ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1951ல் தொடங்கிய கோவை பி.எஸ்.ஜி., 1959ல் வந்த சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்குக் கம்பெனிகள் முந்திக்கொண்டு வருவது இதனால்தான். அதிகச் சம்பளம் தரும் சில கம்பெனிகள் இப்படிப்பட்ட சில கல்லூரிகளைத் தாண்டி வருவதே இல்லை. ஆகவே முதல் வேலையிலும் முதல் சம்பளத்திலும் பெயருக்கு மதிப்பு உண்டு. அதை மறுப்பதற்கில்லை.

சல்லடையா, பலகையா?

ஆனால் அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது? கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிட்டு, 200ஐ ஒட்டி மதிப்பெண் எடுத்தவர்களே கிண்டியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குள் நுழைய முடிகிறது. சலித்த சரக்கு அங்கே தயாராக இருக்கிறது. கம்பெனி வந்து எடுத்துக்கொள்கிறது. பெயர்ப் பலகையின் பெருமையில் பெரும்பங்கு இந்தச் சல்லடைக்கு உரியது.

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இருவர் இதை ஆராய்ந்து 2002ல் வெளியிட்டார்கள். ஒரே தரமான கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களில், பெரிய கல்லூரிக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பாத்தியத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி கைகொடுத்தது. இது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. ஆபீஸ் உத்தியோகத்தில் நமக்குத் தெரிந்தவர் அதிகம் இல்லை. நம் பிள்ளைக்குச் சீனியர்களின் பழக்கமும் சிபாரிசும் கல்லூரி வழியாகத்தான் கிடைக்க வேண்டும். எனவே மதிப்பெண்ணால் நல்ல கல்லூரி கிடைத்தால் தூரம் என்றோ ஹாஸ்டல் செலவு என்றோ தயங்கக் கூடாது.

வேறு வாசல்களும் உண்டு

கம்பெனிகளும் இப்போது குத்தூசியைக் கையில் எடுத்துவிட்டன. டி.சி.எஸ். 2018ல் தேசிய அளவில் ஒரு தகுதித் தேர்வைக் கொண்டுவந்தது. எந்தக் கல்லூரி மாணவரும் எழுதலாம். அதில் காட்டும் திறமையைப் பொறுத்து நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என்று வேலையின் படியும் சம்பளமும் மாறுகின்றன. ஜோஹோ நிறுவனம் 2005 முதல் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் தன் பள்ளியிலேயே பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கிறது. எச்.சி.எல். நிறுவனமும் பிளஸ் டூ முடித்தவர்களுக்காக 2017ல் டெக்பீ திட்டத்தைத் தொடங்கியது.

உள்ளே நுழைந்து மூன்று, நான்கு வருடம் போனபின் அடுத்த கம்பெனி கேட்பது "எங்கே படித்தாய்?" என்பதை விட "என்ன செய்திருக்கிறாய்?" என்பதைத்தான். பலகையைப் பார்த்து ஒருமுறை வரும் வாடிக்கையாளர் மறுமுறை வருவது சரக்கைப் பார்த்துத்தானே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை நிலைமை எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை. 2025ல் டி.சி.எஸ். நிறுவனமே 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. கடன் வாங்கிக் கட்டும் பணத்துக்கு நாலு வருடம் கழித்து வேலை நிச்சயம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பணம் கட்டும் முன் விசாரியுங்கள்

1. "95 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்றால் எத்தனை பேரில் 95 என்று கேளுங்கள். அரியர் உள்ளவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குச் சொல்வதும், ஒரே மாணவர் வாங்கிய மூன்று ஆர்டரை மூன்று பேராக எண்ணுவதும் உண்டு.

2. அதிகபட்சச் சம்பளத்தை விளம்பரத்தில் போடுவார்கள். நடுவில் நிற்கும் மாணவர் என்ன வாங்கினார் என்று கேளுங்கள்.

3. கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. முந்தைய ஆண்டு கட்-ஆஃப் விவரம் கவுன்சலிங் இணையதளத்தில் உள்ளது. இரண்டையும் பாருங்கள்.

4. பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதமும், நிலுவை அரியர் இல்லாமையும் பல கம்பெனிகள் கேட்கின்றன. இவை இல்லையென்றால் பெரிய கல்லூரியில் இருந்தும் பயனில்லை.

5. அங்கே இப்போது படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரிடம் நேரில் பேசுங்கள். கல்லூரியின் புத்தகம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் நல்ல பெயரை விடாதீர்கள். பெயருக்காக மட்டும் கடை முதலைக் கரைக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி பிள்ளைக்கு நல்ல கம்ப்யூட்டருக்கும் ஆங்கிலப் பயிற்சிக்கும் போகட்டும். மிச்சம் கடையிலேயே சுழலட்டும். படிக்கும் நாலு வருடமும் வீட்டைத் தாங்கப்போவது அந்தக் கடைதான்.