சீட்டுப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டர்!

குட்டீஸ்... 'கம்ப்யூட்டர் வாங்கித் தாங்க' என்று வீட்டில் தினமும் நச்சரிப்பவரா நீங்கள்? அப்படியென்றால், முதலில் இதைப் படியுங்கள். படித்துவிட்டு அப்பா, அம்மாவுக்கும் சொல்லுங்கள். ஒருவேளை, 'சரி, போய்ப் பார்க்கலாம்' என்று அவர்கள் சொல்லக்கூடும்!

எங்கள் எதிர் வீட்டு அம்மா, பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். மகன் ஒன்பதாம் வகுப்பு. மகள் ஐந்தாம் வகுப்பு. மாதம் 1,000 ரூபாய் வீதம் 20 மாதம் சீட்டு கட்டி, 20,000 ரூபாய் சேர்த்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்து நின்றனர்.

'அண்ணா, இவ்வளவுதான் பணம். இதுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும். ஏமாந்துடக் கூடாது. திரும்ப இவ்வளவு சேர்க்க எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்' என்றார்.

மகனோ, மொபைலில் ஒரு படத்தை நீட்டினான். கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று சுழலும் விளக்குகள். 'அங்கிள், இதுதான் வேணும்!'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் தெரியுமா? முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கியபோது நானும் அப்படித்தான். இருந்த பணத்தை எல்லாம் பெட்டியிலேயே கொட்டினேன். யு.பி.எஸ். வாங்கக் காசு இல்லை. 'அடுத்த மாதம் பார்த்துக் கொள்ளலாம்' என்று விட்டுவிட்டேன். கரன்ட் போய்ப் போய் வந்ததில், ஒருநாள் ஹார்ட் டிஸ்க் 'டக், டக்' என்று சத்தம் போட்டு நின்றது. அதில்தான் என் தங்கை கல்யாண போட்டோக்கள் இருந்தன. வேறு எங்கும் காப்பி எடுத்து வைக்கவில்லை. போனது போனதுதான். தங்கை இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

சரி, கதைக்கு வருவோம். 'கடைக்குப் போகும் முன், இந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன செய்யப் போறீங்கன்னு ஆளுக்கு ஒரு பேப்பர்ல எழுதுங்க' என்றேன். மகன் எழுதினான்: பள்ளி பிராஜெக்ட், வீடியோ பாடம், கேம்ஸ். மகள்: படம் வரைய, கார்ட்டூன் பார்க்க. அம்மா: வாடிக்கையாளர் அளவுகள், பாக்கிக் கணக்கு, பிளவுஸ் டிசைன், பழைய பாட்டு.

பாருங்கள், கேம்ஸ் தவிர வேறு எதற்குமே பெரிய இயந்திரம் தேவையில்லை!

பீரோ மேல் தூங்கும் லேப்டாப்

இருப்பதிலேயே மலிவான கம்ப்யூட்டர் எது? ஏற்கனவே வீட்டில் இருப்பதுதான். தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011ல் தொடங்கியது. பிளஸ் 1, பிளஸ் 2 படித்த உங்கள் அக்கா, அண்ணன், சித்தி, மாமா யாருக்காவது அது கிடைத்திருக்கும். 'ரொம்ப ஸ்லோ' என்று மூலையில் போட்டிருப்பார்கள். அதை எடுத்துத் தூசி தட்டி, தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட முடியுமா என்று கேளுங்கள். பல லேப்டாப்கள் இந்த ஒரே வைத்தியத்தில் எழுந்து உட்கார்ந்துவிடும்.

அதென்ன எஸ்.எஸ்.டி.? பழைய ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே வட்டமான தட்டு ஒன்று, நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றிக் கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு பைலைக் கேட்டால், ஒரு குட்டிக் கை நகர்ந்து போய், அந்த இடம் சுற்றி வரும்வரை காத்திருந்து படிக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை; எல்லாம் சிப். ஹார்ட் டிஸ்க் ஒரு பைலைத் தேடிப் பிடிக்கும் நேரத்தில், எஸ்.எஸ்.டி. சுமார் 100 பைல்களைப் பிடித்துவிடும்!

எதிர் வீட்டில் அப்படி லேப்டாப் எதுவும் இல்லை. எனவே, கிளம்பினோம் ரிச்சி தெருவுக்கு.

ஐ7 என்றால் பெரிசா?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய சிந்தாதிரிப்பேட்டை பகுதியில் இருக்கிறது ரிச்சி தெரு. டில்லிக்கு நேரு பிளேஸ், பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, மும்பைக்கு லேமிங்டன் ரோடு... நமக்கு இது. ஒயர், ஸ்பீக்கர், மவுஸ், மதர் போர்டு என்று எல்லாம் குவிந்து கிடக்கும். ஞாயிறு அன்று பல கடைகள் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமை போனோம்.

நாங்கள் தேடியது புதுசு அல்ல. ஆபீஸ்களில் ஓடிய கம்ப்யூட்டர். பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாக் கம்ப்யூட்டரையும் மொத்தமாக மாற்றிவிடும். அவற்றை வாங்கி, துடைத்து, சரிபார்த்து விற்கின்றனர். இவை தினமும் பல மணி நேரம் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை, சீக்கிரம் படுத்துவிடாது.

முதல் கடையில், 'இது ஐ7 சார்! ஐ5, ஐ3 எல்லாம் இதுக்குக் கீழேதான்' என்றார் கடைக்காரர். மகன் கண்கள் விரிந்தன. நான் அவனிடம் ஒரு ரகசியக் குறியீடு சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

இன்டெல் பிராசசர் பெயரில் நடுக்கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8500 என்றால் முதல் எண் 8. அதாவது, எட்டாம் தலைமுறை. ஐ5-6500 ஆறாம் தலைமுறை. ஐ3-10100 போல ஐந்து எண்கள் இருந்தால், முதல் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இது பத்தாம் தலைமுறை. கடைக்காரர் காட்டியது ஐ7-2600. இரண்டாம் தலைமுறை, 2011ல் வந்தது. 2020ல் வந்த 'சின்ன' ஐ3-10100, இந்தத் 'தாத்தா' ஐ7-ஐ ஓட்டப் பந்தயத்தில் தோற்கடித்துவிடும்!

தலைமுறையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை, 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்திவிட்டது மைக்ரோசாப்ட். விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ, அதற்கு மேலோ வேண்டும். எனவே, எட்டுக்குக் கீழே மலிவாகக் கொடுத்தால், 'ஏன் மலிவு' என்று யோசியுங்கள்.

இரண்டாவது கடையில் கிடைத்தது ஐ5-8500. 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 'ரேம்னா என்ன, எஸ்.எஸ்.டி.ன்னா என்ன?' என்று அம்மா கேட்டார். 'உங்க தையல் மேஜைதான் ரேம். துணி வைக்கிற பீரோதான் எஸ்.எஸ்.டி. மேஜை சின்னதா இருந்தா, ஒவ்வொரு துணியா பீரோவுல வச்சு, எடுத்து... நேரம் போகும் இல்லையா?' என்றேன். 'அப்போ மேஜை பெரிசா இருக்கட்டும்' என்றார். அவ்வளவுதான் பாடம்! சாதாரண வேலைக்கு 8 ஜி.பி. மேஜை போதும்.

(ரேம் விலையை மட்டும் போகும் அன்று விசாரித்துக் கொள்ளுங்கள். 2025 கடைசியில் உலகம் முழுவதும் அது எகிறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் ராட்சத கம்ப்யூட்டர் மையங்கள், சிப்களை அள்ளிக் கொண்டதுதான் காரணம்.)

ஒரு விளையாட்டு: 500 ஜி.பி. டிஸ்க்கை விண்டோசில் பார்த்தால், 465 என்றுதான் காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள்! கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. பொருள் ஒன்றுதான், எண்ணும் விதம்தான் வேறு.

ஸ்கேல் எடுத்துப் போன சிறுமி

மானிட்டர் வாங்கும்போது மகள்தான் ஹீரோயின். மானிட்டரை அகலத்தில் அளக்க மாட்டார்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளப்பார்கள். ஒரு அங்குலம் 2.54 செ.மீ. ஆகவே, 22 அங்குல மானிட்டர் என்றால் குறுக்கே கிட்டத்தட்ட 56 செ.மீ. இருக்க வேண்டும். அம்மாவின் தையல் டேப்பைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். '22' என்று சொல்லிக் காட்டிய ஒரு பழைய மானிட்டரை அளந்தாள். 51 செ.மீ.தான் வந்தது! 'பாப்பா, அது 20ம்மா, மாறிப் போச்சு' என்று கடைக்காரர் அசடு வழிந்தார்.

சரியான 22 வந்ததும், திரை முழுக்க வெள்ளை, பிறகு கறுப்பு, பிறகு சிவப்புப் படம் போடச் சொன்னோம். செத்துப் போன புள்ளிகள் இருந்தால் அப்போது தெரிந்துவிடும். 1920க்கு 1080 என்ற திரையில் 20 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். நடுவில் ஒன்று செத்திருந்தாலும் கண்ணை உறுத்தும்.

கம்ப்யூட்டரையும் அங்கேயே ஓட்டிப் பார்த்தோம். மகன் ஒரு பென் டிரைவை எல்லா யு.எஸ்.பி. ஓட்டைகளிலும் மாற்றி மாற்றிச் சொருகினான். பேன் 'கொர்' என்று கத்துகிறதா என்று காதை வைத்துக் கேட்டான். 'விண்டோசுக்கு ஒரிஜினல் லைசென்ஸ் உண்டா? வாரன்டி எத்தனை மாதம்?' என்று கேட்டு, சீரியல் எண்ணோடு பில் வாங்கிக் கொண்டோம். பில் இல்லாவிட்டால் வாரன்டி வெறும் வாய்ப்பேச்சுதான்.

இவ்வளவு பார்த்தும், இரண்டு இடத்தில் கோட்டை விட்டேன்! வீட்டுக்கு வந்து பார்த்தால், மானிட்டரில் ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை, கம்ப்யூட்டரில் டிஸ்பிளே போர்ட். கேபிள் சேரவில்லை. வை-பை வசதியும் உள்ளே இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்கு அது இருக்காது. மறுபடி பஸ் ஏறிப் போய், மாற்றும் கேபிளும், விரல் நுனி அளவு வை-பை டாங்கிளும் வாங்கி வந்தேன். நீங்கள் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கணக்கு சொல்கிறேன். கம்ப்யூட்டர் 11,500, மானிட்டர் 3,800, புது யு.பி.எஸ். 2,900, கீ-போர்டு, மவுஸ் 700, கேபிளும் டாங்கிளும் 600. ஆக மொத்தம் 19,500 ரூபாய். நாங்கள் போன அன்றைய விலை இது; நீங்கள் போகும்போது கூடலாம், குறையலாம். யு.பி.எஸ்.சைப் பார்த்து, 'இதுக்கு இவ்வளவா!' என்று அம்மா தயங்கினார். தங்கை கல்யாண போட்டோ கதையைச் சொன்னேன். பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார். கரன்ட் போனாலும் பத்து நிமிடம் போல அது தாங்கும்; சேமித்துவிட்டு நிதானமாக நிறுத்தலாம்.

மீதி 500. மகன் ஸ்பீக்கர் கேட்டான். 'மலிவா 128 ஜி.பி. பென் டிரைவ் தர்றேன்' என்று ஒருவர் கூவிக் கொண்டிருந்தாரே, அது வேண்டாமா என்றாள் மகள். உஷார்! சில போலி பென் டிரைவ்கள், உள்ளே கொஞ்சூண்டு இடத்தை வைத்துக் கொண்டு, பெரிய எண்ணைக் காட்டும். பைல் ஏறியதுபோல இருக்கும், திறந்தால் காலி. ஸ்பீக்கரே ஜெயித்தது.

காசில்லாமல் கிடைப்பவை

சாப்ட்வேருக்கு ஒரு பைசாகூட செலவழிக்கவில்லை. திருட்டு சி.டி.யும் போடவில்லை. எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸ். மகளுக்கு டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி. ஜிகாம்ப்ரி என்ற பெயர், பிரெஞ்சு மொழியில் 'எனக்குப் புரிந்தது' என்பது போல ஒலிக்குமாம்! படம், பாட்டுக்கு வி.எல்.சி. இது பாரீஸ் அருகே ஒரு கல்லூரி மாணவர்கள் 1996ல் தொடங்கிய பிராஜெக்ட். அதன் சின்னமாக ஆரஞ்சு நிறக் கூம்பு இருக்கிறதே, அது அந்த மாணவர்கள் சாலையிலிருந்து சேகரித்து வைத்திருந்த டிராபிக் கூம்புதான்!

விண்டோஸ் லைசென்ஸ் இல்லாத கம்ப்யூட்டரா? உபுண்டு போன்ற லினக்ஸ் இலவசம். நம் சென்னையில் உள்ள சீ-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் இருக்கிறது, 2007ல் வெளிவந்தது. அதில் தமிழும் உண்டு.

கேம்ஸ் விஷயத்தில் மகனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்தப் பெட்டியில், புதிதாக வரும் பெரிய கேம்கள் ஓடாது. பெட்டி ஒல்லி என்பதால், பின்னால் பெரிய கார்டு சொருகவும் இடமில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மூன்றாம் நாள், சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற இலவச கார் பந்தயத்தில் தங்கையிடம் தோற்றுவிட்டு, 'கீ-போர்டு சரியில்ல' என்று சண்டை போட்டுக் கொண்டிருந்தான்.

போன வாரம் போயிருந்தேன். வாடிக்கையாளர்கள் பெயர், தோள், கை, இடுப்பு அளவு எல்லாம் வரிசையாகக் கட்டம் கட்டி ஏறியிருந்தன. தமிழில் அடித்தது மகன். ஒரு பெயருக்கு 10 ரூபாய் கூலி வாங்குகிறானாம்! விளக்குகள் சுழலும் பெட்டிக்காக உண்டியலில் போட்டு வைக்கிறான்.

சரி குட்டீஸ்... உங்கள் வீட்டு டி.வி. எத்தனை அங்குலம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்? டேப்பை எடுத்துக் குறுக்காக அளந்து பாருங்களேன்!