கப்பல் வந்தது, கரைக்குரியோர் வரவில்லை!

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் சென்ற கப்பலின் வழியிலே இன்னொரு கப்பலை விட்டுப் பார்த்தால் என்ன தெரியும்? கடல் மாறவில்லை என்பது தெரியும். மனிதன் மாறினானா? அதைக் கரையிலேதான் பார்க்க வேண்டும், தோழர்களே!

1487-ல் போர்த்துக்கல்லிலிருந்து புறப்பட்டான் பார்த்தலோமியு டயஸ். ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தெற்கே வந்தான். கரை கண்ணில் படாமலே தென்முனையைக் கடந்து, 1488 பிப்ரவரி 3-ல், இன்று மோசல் விரிகுடா எனப்படும் இடத்தை அடைந்தான். குடிக்க நீர் வேண்டும். கரையிலே ஊற்று இருந்தது. ஊற்றுக்கு உரியவர்களும் இருந்தார்கள். மாடு மேய்த்து வாழ்ந்த கொய்கொய் மக்கள் அவர்கள். கரையிலிருந்து கல் வந்தது. வந்தவனிடமிருந்து அம்பு பாய்ந்தது. ஒருவன் மாண்டான். டயசின் பெயர் ஏட்டில் இருக்கிறது. மாண்டவன் பெயர் எங்கே?

மேலும் கிழக்கே சென்றான் டயஸ். கப்பலிலே உழைத்தவர்கள், இனி வரமாட்டோம் என்றார்கள். தலைவன் திரும்பினான். உழைப்பவன் கை கட்டினால் கப்பலும் நகராது!

ஐந்நூறாம் ஆண்டு நிறைவுக்காக அதேபோன்ற பாய்மரக் கப்பலொன்றைப் போர்த்துக்கல்லில் கட்டினார்கள். பழைய வழியே ஓட்டி வந்து, 1988 பிப்ரவரி 3-ல் அதே விரிகுடாவில் நிறுத்தினார்கள். தென்னாப்பிரிக்க அதிபர் போத்தாவும் விழாவுக்கு வந்திருந்தார். கப்பல் இருந்தது, கொடி இருந்தது, கூட்டம் இருந்தது. கொய்கொய் மக்களாக நிற்க வேண்டியவர்கள் மட்டும் இல்லை!

ஏன் இல்லை? பொது இடங்களை நிறத்தால் பிரிக்கும் சட்டம் 1953-லிருந்து அங்கே இருந்தது. கடற்கரையும் அதற்குத் தப்பவில்லை. முன்னோர் நடந்த மணலிலே கால் வைக்காதே. விழா நாளில் மட்டும் வந்து அவர்களைப்போல் நடி என்றால், மானமுள்ளவன் வருவானா? வெள்ளையரல்லாதார் விழாவைப் புறக்கணித்தார்கள்.

பிறகு? வெள்ளையர் சிலரே கறுப்பு வேடம் பூண்டு, சுருட்டை முடி மாட்டிக்கொண்டு, கொய்கொய் மக்களாக நின்றார்கள்! கரிய முகம் வேண்டுமாம் காட்சிக்கு. கரிய மனிதனுக்கு இடமில்லையாம் கரையிலே! இதைவிடக் கேலிக்கூத்து உண்டோ?

அந்தச் சட்டம் 1990-ல் நீக்கப்பட்டது. 1994-ல் எல்லா நிறத்தாரும் வாக்களித்தார்கள். அந்தக் கப்பல் இன்று அவ்வூர் அருங்காட்சியகத்திலே நிற்கிறது.

கல்லெறிந்தவன் வில்லிடம் தோற்றான். ஐந்நூறு ஆண்டு கழித்து அவன் வழியினர் கல்லெடுக்கவில்லை, வரமறுத்தார்கள், அவ்வளவுதான். விழாவின் வேடம் தானாகக் கலைந்தது. கப்பலைப்போல் கப்பல் செய்யலாம், தோழர்களே! மக்களைப்போல் மக்களைச் செய்ய எந்தத் தச்சனாலும் ஆகாது!