யோசமிட்டியின் அருவிப் பாதை

அருவி எவ்வாறு உண்டாகிறது என்று கேட்டால், மலைமேலிருந்து ஆறு விழுவதால் உண்டாகிறது என்று பள்ளிச் சிறுவனும் உடனே விடை கூறிவிடுவான். அவ்விடை தவறன்று; ஆயினும் அது வினாவின் ஒரு பாதிக்கே விடையாகும். மலையிலே பிறக்கும் ஆறுகள் எத்தனையோ உள்ளன. அவை அனைத்தும் அருவியாக விழுவதில்லையே! பாறையைச் சிறிது சிறிதாக அறுத்துத் தமக்கெனச் சரிவானதொரு வழியை அமைத்துக்கொள்வதே ஆறுகளின் இயல்பு. அவ்வாறிருக்க, சில இடங்களில் மட்டும் நீர் செங்குத்தான பாறையின் விளிம்புக்கு வந்து, அங்கிருந்து ஏன் கீழே குதிக்கிறது? இதற்குரிய விடையை வீட்டில் இருந்தவாறே தேடுவதினும், ஓர் அருவிக்கு நடந்து சென்று தேடுவது நன்று. வாருங்கள், மனத்தளவில் அவ்வாறு நடந்து வருவோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கே, கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா என்னும் மலைத்தொடர் ஓங்கி நிற்கிறது. அதன்கண் அமைந்துள்ளது யோசமிட்டி தேசியப் பூங்கா. பூங்கா என்றவுடன் பூஞ்செடிகளும் புல்தரையும் உள்ள ஒரு சிறு தோட்டத்தை எண்ணிவிடலாகாது. ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலையும் காடும் அது. அதன் நடுநாயகமாக விளங்கும் பள்ளத்தாக்கு சுமார் 12 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் இருமருங்கிலும் கிரானைட் பாறைகள் பெருஞ்சுவர்களைப்போல் எழுந்து நிற்கின்றன. அப்பள்ளத்தாக்கில் தொன்றுதொட்டு வாழ்ந்தவர் அவானீச்சி என்னும் பழங்குடி மக்கள். 1851-ஆம் ஆண்டில் ஆயுதப் படையொன்று உட்புகுந்து அவர்களை விரட்டியது. பின்னர் 1864-ஆம் ஆண்டில், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் அப்பள்ளத்தாக்கு பொதுமக்களின் பயனுக்கென ஒதுக்கப்பட்டது. 1890-இல் அதனைச் சூழ்ந்த மலைப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. இன்று நாம் கண்டு மகிழும் அழகுக்குப் பின்னால் ஒரு மக்களின் துயரமும் உண்டு என்பதை மறவாமலே நாம் நடப்போமாக.

பள்ளத்தாக்கின் கிழக்கு முனையில் ஹேப்பி ஐல்ஸ் என்றோர் இடம் உண்டு. அங்கிருந்து மெர்செட் ஆற்றின் ஓரமாகப் பாதை மேலேறுகிறது. ஒன்றேகால் கிலோமீட்டர் சென்றதும் ஒரு மரப்பாலம் குறுக்கிடுகிறது. அதன்மீது நின்று நோக்கினால், தொலைவில் வெண்துகில் விரித்தாற்போல் வெர்னல் அருவி தோன்றும். அதன் உயரம் 97 மீட்டர். பாலத்தைக் கடந்து சிறிது தூரம் சென்றபின் தொடங்குவதே சாரல் பாதை. பெயருக்கு ஏற்ற பாதைதான் அது! வசந்த காலத்தில் அருவியிலிருந்து பறந்து வரும் நீர்த்துளிகள் மழைபோல் பெய்து, நடப்போரின் உடைகளை நனைத்துவிடும். கதிரவன் நமக்குப் பின்புறமாக இருந்தால் அச்சாரலில் வானவில் தோன்றும். கல்லில் அமைத்த படிகள் அறுநூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றில் ஏறி அருவியின் தலையை அடைகிறோம். புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம் ஏறிவிட்டோம்.

ஆனால் மலை அங்கே முடியவில்லை. அருவியின் தலைப்புறத்தில் பாறை ஓரளவு சமதளமாக அமைந்துள்ளது. மரகதக் குளம் என்னும் பெயர் கொண்ட நீர்நிலை ஒன்று அங்கே பச்சை நிறமாகக் காட்சியளிக்கிறது. அதற்கு அப்பால் மீண்டும் ஒரு செங்குத்தான சுவர். அச்சுவரிலிருந்து விழுவது 181 மீட்டர் உயரமுள்ள நெவாடா அருவி. அதன் உச்சிக்கும் சென்றால், அங்கும் சமதளமானதொரு சிறு பள்ளத்தாக்கைக் காண்கிறோம். சமதளம், சுவர், சமதளம், சுவர் என்று மாறி மாறி வருவதைக் கண்டால், இராட்சதர்கள் ஏறுவதற்கு அமைத்த படிக்கட்டோ இது என்று தோன்றும். இதனைப் பெரும்படிக்கட்டு என்றே நிலவியலார் அழைக்கின்றனர்.

இப்படிகளைச் செதுக்கிய சிற்பி யார்? ஆறு மட்டும் அன்று, பனிக்கட்டியும் ஆகும். பனியூழிக் காலங்களில் இம்மலைமீது ஆண்டாண்டாகப் பெய்த பனி இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே நகரும் பனியாறாக மாறியது. அது நகரும்போது அடியில் உள்ள கற்களை அரம்போல் கொண்டு பாறையைத் தேய்த்தது. பிளவுபட்ட பாறைகளைப் பெயர்த்தும் எடுத்துச் சென்றது. பிளவுகள் நெருக்கமாக இருந்த இடத்தில் பாறை எளிதில் பெயர்ந்தது. பிளவுகள் அரிதாக இருந்த இடத்திலோ பாறை உறுதியாக நின்றுவிட்டது. அவ்வாறு நின்ற பாறைகளே இன்று வெர்னல், நெவாடா ஆகிய இரண்டு அருவிகளும் விழும் சுவர்கள்.

பள்ளத்தாக்கின் இருபுறமும் விழும் அருவிகளின் வரலாறு சற்று வேறானது. மெர்செட் ஆறும், பின்னர் அவ்வழியே வந்த பெரிய பனியாறும் தலைமைப் பள்ளத்தாக்கை மிக ஆழமாக்கின. பக்கவாட்டில் வந்த சிற்றாறுகளால் அவ்வளவு விரைவாகத் தம் படுகையை ஆழப்படுத்த இயலவில்லை. ஆதலின் அவற்றின் பள்ளத்தாக்குகள் உயரத்திலேயே தொங்கி நின்றுவிட்டன. இவற்றைத் தொங்கு பள்ளத்தாக்குகள் என்பர். 188 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பிரைடல்வெயில் அருவி இதற்குத் தக்க சான்று.

இவ்வுண்மை எளிதில் நிலைபெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலிபோர்னியா மாநிலத்தின் தலைமை நிலவியலாளராக இருந்தவர் ஜோசையா விட்னி. பெரியதோர் நில அதிர்ச்சியில் பள்ளத்தாக்கின் அடித்தளமே கீழிறங்கிவிட்டது என்பது அவர் கொள்கை. 1868-இல் அங்கு வந்த ஜான் மியூர் என்பவரோ பட்டம் பெற்ற நிலவியலாளர் அல்லர். மறு ஆண்டுக் கோடையில் ஆட்டு மந்தையுடன் அம்மலையில் திரிந்தவர். அவர் நடந்தார்; நடந்த இடமெல்லாம் கூர்ந்து நோக்கினார். மெருகிட்டாற்போல் பளபளக்கும் பாறைகளையும், அவற்றின்மீது ஒரே திசையில் ஓடும் கீறல்களையும் கண்டார். இவை பனியாறு சென்ற தடங்களே என்று தெளிந்து, 1871-இல் அதனைச் செய்தித்தாளில் எழுதினார். ஆடு மேய்ப்பவனின் பேச்சு என்று விட்னி ஏளனம் செய்ததாகக் கூறுவர். மியூர் சினந்து சொற்போர் புரிவதோடு நின்றாரில்லை. 1872-இல் உயர்ந்த மலைமுகட்டில் எஞ்சியிருந்த ஒரு பனியாற்றில் முளைகளை வரிசையாக நட்டு, 46 நாட்கள் கழித்துச் சென்று அளந்தார். நடுவில் இருந்த முளை 47 அங்குலம் நகர்ந்திருந்தது. கட்டி நகர்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் மியூர் கூறியது முழுவதும் சரியன்று. அனைத்தையும் பனியே செய்தது என்று அவர் கருதினார். 1930-இல் பிரான்சுவா மாத்தெஸ் வெளியிட்ட விரிவான ஆய்வு, பனிக்கு முன்னரே ஆறு பெரும்பகுதியை வெட்டியிருந்தது என்பதை விளக்கியது. ஒருவர் பிழையை மற்றொருவர் திருத்த, அவர் பிழையைப் பின்வந்தவர் திருத்த, இவ்வாறே அறிவு வளர்கிறது.

இனி, எப்போது செல்வது? யோசமிட்டி அருவிகளுக்கு நீர் தருவது பெரும்பாலும் பனிக்காலத்தில் மலைமேல் படியும் பனியே. அது உருகும் மே, ஜூன் திங்கள்களில் அருவிகள் முழங்கும். மூன்று பகுதிகளாக மொத்தம் 739 மீட்டர் விழும் யோசமிட்டி அருவி, பல ஆண்டுகளில் ஆகஸ்டுத் திங்களிலேயே வற்றிவிடுகிறது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி பெரும்பாலும் வெறும் பாறை. நீரைச் சேமித்து வைக்கும் மண் அங்கே குறைவு. உயர்ந்த சிகரங்களிலிருந்து வரும் மெர்செட் ஆறு வற்றாததால், வெர்னலும் நெவாடாவும் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. ஆகவே, காலம் அறியாமல் செல்பவன் அருவியைக் காணச் சென்று வெறும் பாறையைக் கண்டு திரும்பவும் கூடும்.

இறுதியாக ஒன்று. அருவியின் தலையில் நீர் அமைதியாகவே தோன்றும். அவ்வமைதியை நம்பலாகாது. ஒரு கன மீட்டர் நீரின் எடை ஆயிரம் கிலோகிராம். முழங்கால் அளவு நீரேயாயினும், விரைந்து ஓடும்போது வலிமையுள்ள ஆடவனையும் வீழ்த்திவிடும். பனியாறு மெருகிட்ட பாறையோ கண்ணாடிபோல் வழுக்கும். பனி உருகிய நீரின் குளிர்ச்சியில் கைகால்கள் விரைவில் செயலிழக்கும். 2011-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வெர்னல் அருவியின் உச்சியில் பாதுகாப்புக் கம்பியைத் தாண்டி நீரருகே சென்ற மூவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். கம்பி நம் மகிழ்ச்சியைத் தடுக்க நிற்பதன்று. நம்மைத் திருப்பி வீட்டுக்கு அனுப்ப நிற்பது.

மியூர் முளை நட்ட மலைமுகட்டுப் பகுதியிலேயே உள்ள லையல் பனியாறு நகர்வதை நிறுத்திவிட்டது என்று 2013-இல் அறிவிக்கப்பட்டது. உலகம் வெப்பமடைந்து வருவதால் எஞ்சிய பனியும் சுருங்கி வருகிறது. படிக்கட்டைச் செதுக்கிய சிற்பி விடைபெற்றுச் செல்லும் காலத்தில் நாம் வாழ்கிறோம். ஆதலின், மாணவர்களே, நீங்கள் எந்த மலையில் எந்த அருவிக்குச் சென்றாலும், குளித்து மகிழ்ந்ததோடு திரும்பிவிடாதீர்கள். நீர் எங்கிருந்து வருகிறது, பாறை ஏன் இங்கே நின்றது என்று ஒருமுறை நின்று கேளுங்கள். காலை ஊன்றி வைத்து, கண்ணைத் திறந்து வைத்து நடப்பவனுக்கு மலையே விடை கூறும்.