உப்புக் காற்றில் ஒரு டாடா எஸ்டேட்: ஸ்பானரை எடுக்கும் முன் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்

"கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டு கேட்கிறோம், கரண்ட் பில் கட்டுகிறோம், பையன் கேம்ஸ் விளையாடுகிறான். வேறு எதற்குத்தான் இது பயன்படும்?" என்று கேட்கும் வாசகர்கள் பலர். இந்த மாதம் அவர்களுக்குக் கொஞ்சம் வித்தியாசமான ஒரு வேலை சொல்கிறேன். பழைய கார் ஒன்றை வீட்டுச் சாய்ப்பில் வைத்துப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி மாட்டி ஓடவிடுவது. இதில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்கிறீர்களா? ஸ்பானருக்கு எவ்வளவு வேலை உண்டோ அவ்வளவு இதற்கும் உண்டு.

தூத்துக்குடியில் என் மாமா வீட்டில் நிற்பது 1995-ம் ஆண்டு மாடல் டாடா எஸ்டேட். இன்று பலருக்கு இந்தப் பெயரே தெரியாது. டாடா நிறுவனம் 1991-ல் சியராவையும், அதை அடுத்து 1992-ல் எஸ்டேட்டையும் வெளியிட்டது. எஸ்டேட் என்பது ஸ்டேஷன் வேகன் வகை. அதாவது டிக்கி தனியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. கூரை பின்பக்கம் வரை நீண்டு, பின்னால் மேல்நோக்கித் திறக்கும் ஒரு பெரிய கதவு இருக்கும். பின் சீட்டை மடக்கிவிட்டால் ஒரு கட்டிலையே ஏற்றலாம். 1948 சி.சி. டீசல் இன்ஜின், ஐந்து கியர், பின்சக்கர இழுவை. 2000-ம் ஆண்டு வாக்கில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் ஸ்டேஷன் வேகன் என்றாலே ஏனோ விற்பனை ஆகாது. பிறகு வந்த மாருதி பலேனோ ஆல்டுராவும், டாடா இண்டிகோ மெரினாவும் அதே வழியில்தான் போயின.

இந்தக் காரில் ஒரு விசேஷம், இன்ஜினைக் கட்டுப்படுத்த இதில் கம்ப்யூட்டர் என்று எதுவுமே கிடையாது. டீசல் பம்ப் முழுக்க முழுக்க மெக்கானிக்கல். இன்றைய கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் எங்கே கோளாறு என்று காரே சொல்லிவிடும். எஸ்டேட்டில் அப்படிச் சொல்ல ஆளில்லை. எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் பிரித்தவர் ஞாபகத்தில்தான் இருக்க வேண்டும். இந்த வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடப்பது, ஒரு வருடம் இரண்டு வருடம் இழுப்பது. அவ்வளவு நாள் எந்த மனிதனுக்கும் ஞாபகம் இருக்காது. எனவே காரில் இல்லாத அந்த நினைவகத்தை நாம்தான் வீட்டுக் கம்ப்யூட்டரில் உருவாக்கிக் கொடுக்க வேண்டும்.

முதலில் பேப்பர், பிறகு பெயிண்ட்

ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் ஆர்.சி. புக்கை எடுத்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் பரிவாகன் இணைய தளத்தைத் திறக்கவும். வண்டி எண்ணைக் கொடுத்து, உங்கள் கார் அங்கே பதிவாகியிருக்கிறதா, இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்க்கவும். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புக் விவரங்கள் கம்ப்யூட்டருக்கு மாறாமலே விடுபட்டிருக்கலாம். அப்படியென்றால் முதல் வேலை ஆர்.டி.ஓ. ஆபீசில்தான். தூத்துக்குடிக்காரர்களுக்கு அது டி.என்.69.

சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாக, வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ரூபாய். எல்லா டாடா எஸ்டேட்டும் இப்போது 20 ஆண்டைத் தாண்டியவைதான். இதுபோக கிரீன் டாக்ஸ் தனி. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவுச் சலுகை நமக்குப் பொருந்தாது.

"நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்துவிட்டது. கூரையை வெட்டுவது, பாடியின் வடிவத்தையே மாற்றுவது எல்லாம் நடக்காது. இன்ஜின் மாற்றவோ கலரை மாற்றவோ ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சீட் துணி, ஆடியோ, ஸ்டிக்கர், உள்ளே போடும் விளக்கு போன்றவற்றில் உங்கள் ரசனையைக் காட்டலாம்.

சேஸிஸுக்குள் ஒரு கேமரா

தூத்துக்குடியில் பழைய கார் வைத்திருப்பவரின் உண்மையான எதிரி வயது அல்ல, உப்பு. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் உப்பளங்கள். சாதாரண சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாக நீர்த்துப் போகும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கடற்கரையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே இரும்பின் மேல் படிந்த கடல் உப்பு காய்வதே இல்லை. பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் மெல்லிய உப்புத் தண்ணீர்ப் படலம் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். (உங்கள் கம்ப்யூட்டரின் ரேம் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினால் மெஷின் உயிர் பெறுகிறதே, அதற்கும் பல சமயம் இதுதான் காரணம். கடலோர ஊர்களில் கம்ப்யூட்டரை மாதக்கணக்கில் ஆன் செய்யாமல் மூடி வைப்பது நல்லதல்ல.)

எஸ்டேட் ஏணி வடிவச் சேஸிஸ் மீது கட்டப்பட்ட வண்டி. கதவும் பானட்டும் துருப்பிடித்தால் டிங்கர் பார்த்துக்கொள்வார். சேஸிஸின் பெட்டி போன்ற பகுதிகளில் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே தெரியும்போது உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. மாமாவின் காரில் சிக்கலே இதுதான். பழைய இரும்புக் கடைக்காரர் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். "சேஸிஸ் போயிருந்தா எடைக்குப் போட்டுருவோம் மருமகனே" என்று மாமாவும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

இங்கேதான் யு.எஸ்.பி. எண்டோஸ்கோப் கைகொடுத்தது. பென்சில் அளவு தடிமனில், நீண்ட ஒயரின் நுனியில் ஒரு குட்டிக் கேமராவும் சுற்றிலும் சிறு விளக்குகளும் கொண்ட சாதனம். சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டில் செருகி, விண்டோஸில் உள்ள கேமரா புரோகிராமைத் திறந்தால் போதும். பெரும்பாலும் தனியாக டிரைவர் எதுவும் தேவைப்படாது. இரண்டு கேமரா இருந்தால் திரையில் உள்ள கேமரா மாற்றும் பட்டனைக் கிளிக் செய்யவும். சேஸிஸில் ஏற்கனவே உள்ள ஓட்டைகள் வழியாக உள்ளே விட்டு, அடிக்கு ஒரு படம் எடுத்தோம். நீளவாட்டில் செல்லும் இரண்டு பெரிய தண்டுகளும் உள்ளே மேல் துருவோடு நின்றிருந்தன. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. வெல்டிங் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் படங்களைக் காட்டினோம். இடுக்கியால் அந்த இடத்தைக் குத்திப் பார்த்துவிட்டு, "அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டுப் புது பிளேட் வச்சிருவோம். மத்தது தாங்கும்" என்றார். இரும்புக் கடைக்காரருக்கு மாமா அன்றே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

துருவைச் சுரண்டும் முன் நல்ல தண்ணீரில் பல முறை கழுவ வேண்டும். உப்பு மேல் பெயிண்ட் அடித்தால் ஒரே வருடத்தில் கொப்புளம் கிளம்பும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் அதில் கழுவினால் கழுவாமலே இருக்கலாம். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளவும். கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகள் பொருத்துவதைத் துறைமுகத்தில் பார்த்தவர்கள் "காருக்கும் மாட்டலாமே" என்பார்கள். கப்பல் எப்போதும் கடல் தண்ணீரில் இருப்பதால் அந்தக் கட்டி தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. காற்றில் நிற்கும் காருக்கு அது உதவாது. துத்தநாகம் கலந்த பிரைமர் அடிப்பதே பலன் தரும்.

படம் எடு, பெயர் வை

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் செல்போனில் மூன்று படம் எடுக்கவும்: தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, கழற்றிய பின் வெற்றிடத்தை ஒன்று. எடுப்பது சுலபம், தேடுவதுதான் கஷ்டம். எண்ணூறு படங்கள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு கிடந்தால் அவை இருந்தும் இல்லாதது போலத்தான்.

அன்றைய படங்களை அன்று இரவே கம்ப்யூட்டருக்கு மாற்றவும். கார் என்று ஒரு போல்டர். அதற்குள் இன்ஜின், ஒயரிங், முன் கதவு, பின் கதவு, டேஷ்போர்டு என்று தனித்தனி போல்டர்கள். ஒரு பாகத்தின் படங்களை மொத்தமாகத் தேர்வு செய்து எப்2 கீயை அழுத்தவும். "பின்கதவு வைப்பர் மோட்டார்" என்று ஒரு முறை டைப் செய்து என்டர் தட்டினால், எல்லாப் படங்களுக்கும் அதே பெயர், அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண்ணோடு வந்துவிடும். பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். விண்டோஸ் தடை சொல்லாது.

அடுத்து ஒரு ஒர்க்‌ஷீட். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க்கை இலவசமாக டவுண்லோட் செய்துகொள்ளலாம். பை எண், பாகம், கழற்றிய தேதி, போல்ட் அளவு, நிலைமை, வாங்கிய விலை என்று தலைப்புகள் கொடுக்கவும். போல்ட் நட்டுகளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு எண் எழுதிவிடவும். அதே எண் ஷீட்டிலும் இருக்க வேண்டும். ஆட்டோ பில்டர் வசதியை ஆன் செய்தால், "நிலைமை" என்ற தலைப்பில் "வாங்க வேண்டும்" என்று இருப்பவை மட்டும் தனியாக வரும். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். கடைசித் தலைப்புக்குக் கீழே மொத்தம் கூட்டும் பார்முலாவை இப்போதே போட்டு வைக்கவும். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டும். அதுவும் ஒரு பயன்தான்.

இன்ஜின் பாகங்களுக்கு அவ்வளவு கவலையில்லை. இதே குடும்ப இன்ஜின் டாடா மொபைலிலும் ஆரம்ப கால சுமோவிலும் ஓடியது. பழகிய மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். கிடைக்காதவை கண்ணாடி, பின் விளக்கு, ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் சுவிட்ச் மூடி போன்ற அற்பமான சாமான்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் மோரிஸ் மைனர் காரை இன்னும் ஓட்டுகிறார்கள். 1990-களில் சார்லஸ் வேர் என்ற ஆங்கிலேயர் அங்கேயே அந்தக் காரின் பாகங்களைத் தயாரிக்க ஏற்பாடு செய்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். எஸ்டேட்டுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

உதாரணமாக, வெளுத்துப் போன பக்கவாட்டு ஸ்டிக்கர். பிய்த்து எறியும் முன் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஸ்கேன் செய்யவும் அல்லது நேராக நின்று படம் எடுக்கவும். 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் 300 புள்ளிகள் ஒரு அங்குலம், அளவு மாறாது. இங்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேரில் அந்தப் படத்தைத் திறந்து, பாத் மெனுவில் டிரேஸ் பிட்மேப் கொடுத்தால் கோடுகளாக மாறும். ஓரங்களைச் சரிசெய்து பி.டி.எப். ஆகச் சேமித்து ஸ்டிக்கர் கடையில் கொடுத்தால் மெஷினில் வெட்டித் தருவார்கள். உடைந்த சுவிட்ச் மூடியையும் இப்படியே அளந்து ப்ரீகேட் சாப்ட்வேரில் வரைந்து 3டி பிரிண்ட் எடுக்கலாம். வெயிலில் நிற்கும் காருக்கு பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம், அது 60 டிகிரியிலேயே வளைந்துவிடும். ஏ.எஸ்.ஏ. அல்லது ஏ.பி.எஸ். கேட்டு வாங்கவும்.

ஒயரிங் வேலையில் ஒயரின் கலரை மட்டும் நம்ப வேண்டாம். முப்பது வருடத்தில் எத்தனையோ எலக்ட்ரீஷியன்கள் கை வைத்திருப்பார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் பீப் சத்தத்தில் ஒவ்வொரு ஒயரையும் இரு முனையும் தேடி, அதற்கென்று தனி ஷீட்டில் எழுதவும். மாமாவின் காரில் 63 ஒயர்களை எழுதியாகிவிட்டது. அதில் நான்கு எங்கும் போகாமல் பாதியில் நிற்கின்றன.

இவ்வளவும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் ஆபத்து. டிஸ்க் போனால் கார் வெறும் பைகளும் இரும்பும்தான். ஞாயிறு வேலை முடிந்ததும் கார் போல்டர் முழுவதையும் ஒரு பென் டிரைவுக்கும், கூகுள் டிரைவ் போன்ற இன்டர்நெட் சேமிப்பிடம் ஒன்றுக்கும் காப்பி செய்யவும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. இடம் முதலில் போதும். பென் டிரைவைச் சாய்ப்பில் ஆணியில் தொங்கவிடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடி போட்ட டப்பாவில் வைத்து, வீட்டுக்குள் பீரோவில் வைக்கவும்.