மலைச்சாலையில் டிரெய்லருடன் செல்வோர் பாதையைத் தெரிந்தெடுக்கும் முறை

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு ஜில்லாக்களிலும் பூமி பெரும்பாலும் சமதரையாக அமைந்துள்ளது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், கரும்பு, முந்திரி முதலிய விளைபொருள்களைக் களத்திலிருந்து சந்தைக்கும் ஆலைக்கும் கொண்டுசெல்ல, இங்குள்ள குடியானவர்கள் டிராக்டரையும் அதன் பின்னே பூட்டிய டிரெய்லரையுமே பெரிதும் நம்பியிருக்கின்றனர். இவ்வாறு சமதரையில் ஓட்டிப் பழகிய வண்டியையே சில சமயங்களில் மேற்கே உயர்ந்து நிற்கும் பச்சைமலைக்கும், அதற்கும் மேற்கேயுள்ள கொல்லிமலைக்கும் கொண்டுசெல்ல நேரிடுகிறது. மேலே உரமும் விதையும் ஏற்றிச் செல்வதும், கீழே மரவள்ளிக் கிழங்கும் பிற சரக்கும் இறக்கி வருவதும் இப்பிரயாணங்களின் நோக்கமாகும்.

மரவள்ளி விஷயத்தில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று தினங்களுக்குள் உள்ளே கறுத்துக் கெடத் தொடங்கும். ஆகையால் ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அதை விரைவில் சேர்க்கவேண்டும் என்ற அவசரம் எப்போதும் இருந்துவருகிறது. அவ்வவசரத்தில் குறுக்குவழியைத் தேடுவதும், இரவென்றும் மழையென்றும் பாராது புறப்படுவதும், இரண்டு நடைக்குரிய பாரத்தை ஒரே நடையில் ஏற்றுவதும் சகஜமாகிவிடுகின்றன. பாரம் ஏற்றிய டிரெய்லர் மலையில் கவிழுமாயின் சரக்கும் வண்டியும் மட்டும் நஷ்டமாவதில்லை. ஓட்டுபவரும், மூட்டைகளின்மேல் உட்கார்ந்து வரும் கூலியாட்களும் உயிரிழக்க நேரும். எனவே, எப்பாதையில் செல்வது என்பதைப் புறப்படுமுன்பே ஆய்ந்து முடிவுசெய்தல் அவசியம்.

சமதரைப் பழக்கம் ஏன் போதாது?

ஒரு பாதை 20 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் உயருமாயின் அதனை 20-க்கு 1 சரிவு என்பர். டிராக்டர் 2 டன்னும், பாரத்துடன் கூடிய டிரெய்லர் 6 டன்னும் ஆக மொத்தம் 8 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். 20-க்கு 1 சரிவில் இவ்வெடையைக் கீழ்நோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமமாகும். 10-க்கு 1 சரிவில் அது 800 கிலோவாகவும், 8-க்கு 1 சரிவில் 1,000 கிலோவாகவும் பெருகும். சமதரையில் இவ்விசை அறவே இல்லை.

இவ்விசையைத் தாங்கவேண்டியது பிரேக். ஆனால் பொதுவாக உழவு டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மாத்திரமே வேலைசெய்கிறது. விவசாய டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிப் பிரேக்கே கிடையாது. ஆகவே 6 டன் டிரெய்லரை அதில் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள டிராக்டரின் இரண்டு சக்கரங்களே பிடித்து நிறுத்தவேண்டியிருக்கிறது. பிடி தவறினால் டிரெய்லர் பின்னிருந்து நெருக்கி, டிராக்டரைப் பக்கவாட்டில் தள்ளி மடித்துவிடும்.

வெப்பத்தையும் கவனித்தல் வேண்டும். 8 டன் எடை 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகையில் அதன் சக்தி முழுவதையும் பிரேக்கே ஏற்பதாயின், சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அதில் உண்டாகும். இவ்வளவு வெப்பத்தைத் தாங்காமல் பிரேக் நழுவிப்போவதில் ஆச்சரியமில்லை. குறைந்த கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குதலே இதற்குரிய பரிகாரம்.

பாதையை அளக்கும் விதம்

மேற்கூறியவற்றால் விளங்குவது யாதெனில், பாதையின் தகுதியை அதன் நீளத்தைக் கொண்டு நிச்சயிக்கலாகாது. அதிலுள்ள மிகச் செங்குத்தான பகுதியையும், மிகக் குறுகிய வளைவையும் கொண்டே நிச்சயிக்கவேண்டும். பத்து கிலோமீட்டர் நல்ல சாலையாக இருந்தும் நடுவில் முந்நூறு மீட்டர் தூரம் 8-க்கு 1 சரிவாயின், அப்பாதை முழுவதையும் 8-க்கு 1 என்றே கருதுவது உசிதம். வெறும் வண்டியுடன் ஏறிய அனுபவத்தை நம்புவதும் தவறு; பாரத்துடன் இறங்கும் திசையே சோதனைக்குரியது.

சரிவை அளக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையும், கொத்தர் உபயோகிக்கும் ரசமட்டமும் போதும். பலகையின் ஒரு முனையைச் சாலையின் மேட்டுப்பக்கம் தரையில் வைத்து, மறுமுனையை ரசமட்டம் சரியாக நிற்கும்வரை உயர்த்தவேண்டும். உயர்த்திய முனைக்கும் தரைக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருந்தால் 20-க்கு 1. 20 சென்டிமீட்டர் இருந்தால் 10-க்கு 1. 25 சென்டிமீட்டர் இருந்தால் 8-க்கு 1. கண்மதிப்பு மலையில் ஏமாற்றும் தன்மையுடையதாதலின் இவ்வாறு அளந்து பார்ப்பதே நம்பத்தக்கது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் அளவும் உண்டு. 1934-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட இந்தியச் சாலைக் காங்கிரஸ், மலைச்சாலைகளுக்குப் பொதுவாக 20-க்கு 1 என்ற சரிவையும், கொண்டை ஊசி வளைவுகளில் 40-க்கு 1-க்கு மேற்படாத சரிவையும், வளைவின் உட்புற ஆரம் 14 மீட்டருக்குக் குறையாமையையும் அளவாக வகுத்துள்ளது. பழைய கிராமச் சாலைகளும் காட்டுப் பாதைகளும் இவ்வளவுக்கு அமைந்திருக்கும் என எதிர்பார்க்கலாகாது.

வளைவில் டிரெய்லரின் சக்கரங்கள் டிராக்டரின் தடத்திலேயே வருவதில்லை. உட்புறமாக ஒதுங்கி வரும். டிரெய்லரின் பூட்டுமுனைக்கும் அச்சுக்கும் இடையே 4 மீட்டர் உள்ள வண்டியில், 14 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இவ்வொதுக்கம் ஏறக்குறைய முக்கால் மீட்டர். 8 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அது ஒன்றேகால் மீட்டருக்கும் அதிகம். உட்புறம் வடிகாலோ பாறையோ இருப்பின் சக்கரம் அதில் இறங்கிவிடும். அதைத் தவிர்க்க வெளிப்புறம் ஒதுங்கினால் பள்ளம். ஆதலால் ஒரே திருப்பத்தில் கடக்க இயலாத வளைவு ஒன்றேனும் உள்ள பாதை டிரெய்லருக்கு ஏற்றதன்று. சரிவில் பாரத்துடன் பின்னுக்கு எடுத்துத் திருப்புவது மிக அபாயகரம்.

சில உதாரணங்கள்

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாகச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இதே மலைக்கு முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு சாலை உண்டு. அதில் வளைவுகள் குறைவு. நாமக்கல் பக்கம் செல்வோர்க்குக் காரவள்ளி வழியே சமீபமாகத் தோன்றினும், டிரெய்லர் பூட்டியவர்கள் எழுபது முறை திரும்புவதையும், சில மைல்கள் சுற்றுவதையும் தராசில் வைத்துப் பார்க்கவேண்டும்.

நீலகிரியில் இது இன்னும் தெளிவாக விளங்கும். உதகமண்டலத்திலிருந்து முதுமலைக்குக் கல்லட்டி வழியாகச் சென்றால், கூடலூர் வழியைக் காட்டிலும் தூரம் ஏறக்குறைய பாதியே ஆகும். ஆனால் அந்தப் பாதியில் 36 கொண்டை ஊசி வளைவுகளும் மிகக் கடுமையான சரிவும் அடங்கியுள்ளன. பல விபத்துகள் நேர்ந்தமையால் வெளியூர் வண்டிகள் அச்சாலையில் செல்வதற்கு அதிகாரிகள் கட்டுப்பாடு விதித்துள்ளனர். சமதரையிலிருந்து சென்றவர்களே அங்கு அதிகமாக ஆபத்துக்குள்ளாயினர் என்பதைப் பெரம்பலூர், அரியலூர்க் குடியானவர்கள் சிந்திப்பது நலம்.

சுற்றுவழியின் செலவை மிகைப்படுத்திக் கருதுவோர் பலர். எட்டு கிலோமீட்டர் அதிகமாகச் சுற்றினால் செலவாவது சிறிது டீசலும், ஒரு மணிக்கும் குறைந்த நேரமுமே. டயரும் பிரேக்கும் தேய்வதில் மிச்சப்படுவதைக் கணக்கிட்டால் அச்செலவிலும் ஒரு பகுதி திரும்பிவிடும்.

இரண்டு பாதைகளும் உதவாதபோது

எப்பாதையும் தகுதியற்றதாகக் காணப்பட்டால் டிரெய்லரை அடிவாரத்திலேயே நிறுத்திவிடுவது உத்தமம். மேலிருந்து அடிவாரம் வரையில் ‘குட்டியானை’ என ஜனங்கள் வழங்கும் சிறு சரக்கு வண்டிகளில் சரக்கை இறக்கி, அங்கிருந்து டிரெய்லரில் ஏற்றலாம். அவ்வண்டிகளுக்கு நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு. நீளமும் குறைவாதலின் வளைவுகளில் எளிதாகத் திரும்பும். ஒருமுறை ஏற்றி இறக்கும் கூலி கூடுமென்பது மெய்யே. பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் கிழங்கு தோண்டி, வண்டியைப் பொதுவில் அமர்த்தினால் அக்கூலி பங்கிடப்பட்டு லேசாகிவிடும்.

புறப்படுமுன்னும் வழியிலும் கவனிக்கவேண்டியவை

1. டிராக்டரின் இடது, வலது பிரேக் மிதிகளை இணைக்கும் தாழ்ப்பாள் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். வயலில் தனித்தனியே மிதித்த வழக்கத்தில் அதைத் திறந்தபடி சாலைக்கு வந்தால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும்.

2. டிரெய்லரைத் தாழ்ந்த இழுவைக் கொக்கியிலேயே பூட்டவேண்டும். உயரமான இடத்தில் பூட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பும். கொக்கிப் பின்னுக்குப் பூட்டுக்கம்பியும், அதற்குத் துணையாகச் சங்கிலியும் இருத்தல் அவசியம்.

3. பாரத்தைத் தாழ்வாகவும், இருபுறமும் சமமாகவும் அடுக்கி, கயிற்றால் இறுகக் கட்டவேண்டும். சமதரையில் ஏற்றும் பாரத்தில் பாதியே மலைக்குப் போதும்.

4. இறக்கம் தொடங்குமுன்பே குறைந்த கியரில் போட்டுக்கொள்ளவேண்டும். எந்தக் கியரில் ஏறமுடியுமோ அந்தக் கியரிலேயே இறங்குவது பழைய ஓட்டுநர்களின் முறை. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், கிளட்சை மிதித்துக்கொண்டு வருவதும் கூடாது.

5. பார வண்டிகளை நிறுத்தும்போது நம் முன்னோர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்தனர். டிரெய்லருக்கும் அவ்வாறே இரண்டு கட்டைகளைக் கொண்டுசெல்லுதல் வேண்டும். காரியம் முடிந்தபின் முட்டுக்கல்லைச் சாலையில் விட்டுச் செல்வது பிறருக்குத் தீங்காகும்.

6. பாரத்தின்மேல் எவரையும் ஏற்றலாகாது. கூலியாட்களை வேறு வண்டியில் அனுப்பவேண்டும்.

7. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின்போது மண்சரிவும் மூடுபனியும் உண்டாகும். அக்காலத்தில் பகலில் மட்டுமே செல்லவேண்டும். இரண்டு வண்டிகள் விலகுவதற்கு இடமில்லாத மலைச்சாலையில் மேலேறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பதை மறக்கலாகாது.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இவ்விஷயத்தில் பெரும் உதவி புரியக்கூடும். தத்தம் எல்லையிலுள்ள மலைப்பாதையின் கடுஞ்சரிவையும் குறுகிய வளைவுகளையும் மேற்கூறியபடி அளந்து, அடிவாரத்தில் யாவரும் படிக்கும்படி ஒரு பலகையில் எழுதிவைக்கலாம். டிரெய்லர்கள் நின்று சரக்கு மாற்றுவதற்கு அடிவாரத்தில் ஓரிடம் ஒதுக்கலாம். வளைவுகளின் உட்புறம் வளர்ந்த புதர்களை வெட்டியும், மழைக்குமுன் வடிகால்களைத் தூர் வாரியும் வைத்தால் எதிரில் வரும் வண்டி தெரியும், சாலையும் அரிக்கப்படாது. மண் சரிந்த செய்தி கிடைத்தவுடன் நெடுஞ்சாலை இலாகாவுக்குத் தெரிவிப்பதும், ஆபத்து நேரின் 108 என்ற எண்ணுக்கு அறிவித்து, எத்தனையாவது வளைவு என்று குறிப்பாகச் சொல்வதும் பயன் தரும்.

அறுவடைக்கு முன்னரே, கிழங்கு தோண்டும் நாளைக் குறிக்கும்போதே, அதை எந்தப் பாதையில் எத்தனை நடையில் இறக்குவது என்பதையும் குறித்துவிட்டால் கடைசி நேர அவசரத்துக்கு இடமிராது. நிலமுடைய குடியானவர்கள் வரும் பருவத்துக்குள் தங்கள் பாதைகளை ஒருமுறை மோட்டார் சைக்கிளில் சென்று, பலகையும் ரசமட்டமும் கொண்டு அளந்து வைத்துக்கொள்வார்களாக.