மண்ணை விடாத சக்கரம்

பந்தயம் என்றவுடன் நம் எண்ணம் எஞ்சினை நோக்கி ஓடுகிறது. எத்தனை குதிரைச் சக்தி, என்ன வேகம் என்று கேட்கிறோம். ஆனால் எஞ்சின் எவ்வளவு பெரியதாயினும் அதன் ஆற்றல் மண்ணைச் சேர்வது டயர்களின் வழியேதான். காற்றில் தொங்கும் சக்கரம் வண்டியைத் தள்ளாது, திருப்பாது, நிறுத்தவும் நிறுத்தாது. மேடும் பள்ளமுமான தடத்தில் சக்கரத்தை மண்ணோடு சேர்த்து வைப்பது எதுவோ, அதுவே வெற்றியில் பாதி. ஓட்டுபவரின் முதுகெலும்பைக் காப்பதும் அதுவே. அதைத்தான் சஸ்பென்ஷன் என்கிறோம்.

நான் பௌதிகம் படிப்பவன். வண்டி ஓட்டுபவன் அல்லன். நம் வளாகத்துப் பொறியியல் நண்பர்கள் மாணவர் போட்டி ஒன்றுக்காகக் குவாட் வண்டி கட்டியபோது, அளவு நாடாவும் குறிப்பேடுமாகச் சில மாதங்கள் அவர்களுடன் பட்டறையில் நின்றேன். அங்கே கண்டவற்றையும் அவற்றின் பின்னுள்ள பௌதிகத்தையும் சங்க அன்பர்களுக்கு எளிய முறையில் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கலைத்துறை நண்பர்கள் அஞ்ச வேண்டா. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதற்கண், குவாட் வண்டி யாது? மோட்டார் சைக்கிளில் அமர்வது போல இருபுறமும் காலிட்டு அமர்ந்து, கைப்பிடியால் திருப்பி ஓட்டும் நான்கு சக்கர வண்டி அது. தென் அமெரிக்காவில் 2009இல் டாக்கர் பந்தயம் நடந்தபோது குவாட்டுகளுக்குத் தனிப் பிரிவே வகுக்கப்பட்டது. 2010இல் அப்பிரிவில் வென்றவர் அர்ஜென்டினாவின் மார்க்கோஸ் பட்ரொனெல்லி.

பந்தயக் குவாட்டின் முன் சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாக் அப்சார்பர் உண்டு. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்தவை. அந்த அச்சை ஸ்விங் ஆர்ம் என்னும் நீண்ட கை தாங்கும்; அதற்கு நடுவில் ஒரே ஷாக். யமஹா ஒய்.எஃப்.இசட். 450ஆர் என்னும் வண்டியை எடுத்துக்கொண்டால், அதன் எடை ஏறக்குறைய 184 கிலோ. முன் சக்கரம் ஏறி இறங்கும் தொலைவு சுமார் 25 செ.மீ.; பின் சக்கரத்துக்குச் சுமார் 28 செ.மீ. இத்தொலைவைப் ‘பயணம்’ என்று குறிப்போம்.

இவ்வளவு நீண்ட பயணம் எதற்கு? வண்டி ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சமதளத்தில் விழுவதாகக் கொள்வோம். விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தொலைவால் வகுத்தால், புவியீர்ப்பைப் போல் எத்தனை மடங்கு முடுக்கத்தில் அது நிறுத்தப்படுகிறது என்பது சராசரியாகக் கிடைக்கும். 25 செ.மீ. தொலைவில் மெல்ல நின்றால் 6 மடங்கு. வெறும் 5 செ.மீ.யில் நின்றால் 30 மடங்கு! சவாரியாளர் கால்களை மடக்கி நின்று ஒரு பங்கைத் தாங்குவார். எஞ்சியது முதுகுத்தண்டில் இறங்கும். ஆகவே, கொடுத்துள்ள பயணம் முழுவதும் பயன்படுமாறு செய்வது வசதிக்காக மட்டும் அன்று.

நிற்க. ஷாக் அப்சார்பர் என்று ஒரே பெயரால் நாம் அழைக்கும் பொருளில் இருவர் குடியிருக்கின்றனர். வெளியே சுற்றியிருப்பது ஸ்பிரிங். உள்ளே எண்ணெயில் ஓடும் பிஸ்டன் டாம்பர். ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு அது எதிர்த்துத் தள்ளும்; வேகமாக அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் அதற்கு ஒன்றே. டாம்பரின் வேலை அசைவை அடக்குவது. சிறு துளைகளின் வழியே எண்ணெய் பிதுங்கிச் செல்லும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அசைவின் வேகத்துக்கு ஏற்பவே அதன் தடை. அசையாமல் நிற்கும் வண்டியில் டாம்பர் எடையைத் தாங்குவதில்லை. டாம்பர் இல்லையேல் வண்டி ஊஞ்சல் போல் ஆடிக்கொண்டே இருக்கும்.

சஸ்பென்ஷனைச் சீர் செய்யும் கலை முழுவதும் ஒரே விதியில் அடங்கும் என்பேன். ஸ்பிரிங்கின் வேலையை டாம்பரிடம் கேட்காதே. டாம்பரின் வேலையை ஸ்பிரிங்கிடம் கேட்காதே. பட்டறைகளில் பாதித் தொல்லை இவ்விதியை மறப்பதால் வருவதே.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக உண்டு. ஸ்பிரிங்கின் தலைப்பில் மரையிட்ட வளையம் ஒன்று இருக்கும். அதைத் திருகினால் ஸ்பிரிங் முன்கூட்டியே சற்று அழுத்தப்படும். இதற்கு ப்ரீலோட் என்று பெயர். வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். சீரான ஸ்பிரிங்கில் அப்படி நேர்வதில்லை. ஒரு மி.மீ. அழுத்த எத்தனை நியூட்டன் விசை வேண்டுமோ, இறுக்கிய பின்னும் அத்தனையே வேண்டும். மாறுவது வண்டி நிற்கும் உயரம் ஒன்றே. கடினம் மாற வேண்டுமாயின் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

இனி அளக்கும் முறையைக் காண்போம். டயரின் காற்றை முதலில் சரி பார்க்க வேண்டும். குவாட்டின் டயர் 10 பவுண்டுக்கும் குறைந்த அழுத்தத்தில் ஓடுவது, அதுவும் ஒரு ஸ்பிரிங்கே. பிறகு சக்கரங்கள் தொங்குமாறு வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே சட்டத்தில் குறித்த ஓரிடம் வரை அளக்க வேண்டும். அடுத்து வண்டியை இறக்கி, சில முறை அமுக்கி விட்டு, சிறிது தூரம் உருட்டி, அதே அளவை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெற்று அமிழ்வு. மூன்றாவதாக, ஓட்டுபவர் தலைக்கவசம், பூட்ஸ் முதலிய எல்லாவற்றோடும் ஏறிப் பந்தயத்தில் இருக்கும் நிலையில் இருக்க, மீண்டும் அளக்க வேண்டும். முதல் அளவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஏற்ற அமிழ்வு. இது பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருப்பது நல்ல தொடக்கம். அமிழ்வு எதற்கு என்று கேட்கலாம். மேடு வந்தால் சக்கரம் மேலே ஏற இடம் வேண்டுவது போலப் பள்ளம் வந்தால் கீழே இறங்கவும் இடம் வேண்டும் அல்லவா?

எங்கள் வண்டியின் கதையைச் சொன்னால் இது விளங்கும். சோதனை ஓட்டங்களில் அதை ஓட்டிய நண்பர், ஒவ்வொரு குதிப்புக்குப் பின்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். “பின்புறம் கல் போல் இருக்கிறது” என்றார். ஸ்பிரிங்கைத் தளர்த்தலாம் என்றனர் சிலர். “டைட் கர் தோ” என்றார் பட்டறையில் மூத்தவர். அவரிடம் எல்லா நோய்க்கும் அதுவே மருந்து. நாங்கள் அளந்து பார்த்தோம். பின் சக்கரத்தின் பயணம் 200 மி.மீ. வெற்று அமிழ்வு 40 மி.மீ. ஆள் ஏறியதும் 105 மி.மீ. அதாவது பாதிப் பயணம் நிற்கும்போதே தீர்ந்துவிட்டது! மிச்சத்தில் குதித்தால் ஷாக் அடிமுட்டத்தானே செய்யும்? கல் போல் இருந்தது ஸ்பிரிங் அன்று, அடிமுட்டிய ஷாக். ஸ்பிரிங் உண்மையில் மிகவும் மென்மையானது.

வளையத்தை இறுக்கினால் தீருமா? ஆளின் எடை மட்டும் 65 மி.மீ. அமிழ்த்துகிறது. ஏற்ற அமிழ்வை 65 ஆக்கும் வரை இறுக்கினால் வெற்று அமிழ்வு சுழியம் ஆகிவிடும். ஓட்டுபவர் உடலை முன்னே சாய்க்கும் நொடியில் பின் சக்கரம் கீழிறங்க இடமின்றி மண்ணை விட்டுவிடும். ஆகவே ஒன்றரை மடங்கு கடினமான ஸ்பிரிங் பொருத்தப்பட்டது. இப்போது ஆளின் எடை அமிழ்த்துவது 43 மி.மீ.; வெற்று அமிழ்வு 22; கூட்டினால் அதே 65. வண்டியை மீண்டும் ஓட்டி வந்த நண்பர், “இப்போது மெத்தை போல் இருக்கிறது” என்றார். கடினமான ஸ்பிரிங் மெத்தையாயிற்று! உடல் சொல்வது அறிகுறி. நோய் எது என்பதை அளவு நாடாதான் சொல்லும்.

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. ஏற்ற அமிழ்வைச் சரியாக வைத்த பிறகு வெற்று அமிழ்வைப் பாருங்கள். அது மிகச் சிறிதாயின் ஸ்பிரிங் அந்த ஆளுக்கு மென்மை. மிகப் பெரிதாயின் கடினம். தலைகீழாகத் தோன்றினும் உண்மை இதுவே. ஆள் மாறினால் கணக்கும் மாறும். 55 கிலோ எடையுள்ளவருக்குப் பொருந்திய வண்டி 85 கிலோ எடையுள்ளவருக்குப் பொருந்தாது.

ஸ்பிரிங் சரியான பிறகே டாம்பரிடம் செல்ல வேண்டும். அதில் இரண்டு திருகுகளைக் காணலாம். அழுந்தும் அசைவைக் கட்டுப்படுத்துவது கம்ப்ரெஷன். நீளும் அசைவைக் கட்டுப்படுத்துவது ரீபவுண்ட். ‘கிளிக், கிளிக்’ என்று ஒலித்துத் திரும்புவதால் அவற்றைக் கிளிக்குகளாகவே எண்ணுவர். ரீபவுண்டில் தொடங்குவது நலம். 3 மீட்டருக்கு ஒரு மேடாக வரிசையாய் அமைந்த தடத்தில் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அது நொடிக்கு 15 மீட்டர்; ஆகவே நொடிக்கு ஐந்து மேடுகள். ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்தில் ஒரு நொடிதான். அதற்குள் சக்கரம் அழுந்தி மீண்டும் நீள வேண்டும். ரீபவுண்ட் தடை மிகுந்தால் முழுதும் நீளுமுன் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டிலும் சிறிது சிறிதாக வண்டி அமிழ்ந்து, இறுதியில் பயணமே இல்லாமல் போகும். தடை குறைந்தாலோ, அழுந்திய ஸ்பிரிங் பின்புறத்தை உதைத்துத் தூக்கி, ஓட்டுபவரைக் கைப்பிடிக்கு மேலே எறியப் பார்க்கும். இரண்டும் ஆபத்தே.

கம்ப்ரெஷன் தடை குறைந்தால் பிரேக் பிடிக்கும்போது மூக்கு குனியும், திருப்பத்தில் வண்டி சாயும், குதிப்பில் அடிமுட்டும். மிகுந்தால் சிறு கற்களும் கையில் அடிக்கும். ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி வைத்தால், அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டுள்ளது என்பதைக் கொண்டு எவ்வளவு பயணம் பயன்பட்டது என்று அறியலாம். தடத்தின் மிகக் கடுமையான இடத்தில் ஓரிரு முறை மட்டும் மெல்ல அடியைத் தொட்டால் அதுவே சரியான நிலை. ஒருபோதும் தொடவில்லையெனில் கொடுத்த பயணம் வீணாகிறது என்று பொருள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்; அதுவும் இரண்டு கிளிக்குகளுக்கு மேல் வேண்டா. அதே தடம், அதே ஆள், அதே டயர் அழுத்தம். எண்ணெய் சூடேறினால் இளகித் தடை குறையுமாதலின், ஷாக் சூடேறிய பின் ஓடிய ஓட்டங்களையே ஒப்பிட வேண்டும். ஒவ்வொன்றையும் எழுதி வைக்க வேண்டும். பௌதிகச் சோதனைச் சாலையில் நாம் கற்கும் ஒழுக்கமும் இதுதானே! மூன்று திருகுகளை ஒன்றாகத் திருப்பிவிட்டு, வண்டி நன்றாயிற்று என்று மகிழ்பவர், எதனால் நன்றாயிற்று என்பதை ஒருநாளும் அறியார்.

குவாட் வண்டி நம்மில் பலருக்கு எட்டாப் பொருள். ஆயினும் விடுதி வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் பின் ஷாக்கிலும் படிப்படியாகத் திருகும் வளையம் உண்டு. அது ப்ரீலோட் வளையமே. பின்னால் நண்பரை ஏற்றிச் செல்லுமுன் அதை இரண்டொரு படி உயர்த்துங்கள். தாழ்ந்த வண்டி தன் உயரத்தை மீண்டும் பெறும். தனியே செல்லும்போது இறக்கிவிடுங்கள். இறுக்கமே வலிமை என்று எண்ணுவோர் வண்டியிலும் உண்டு, வாழ்விலும் உண்டு. எவ்வளவு தாங்க வேண்டும், எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்று அளந்து அறிவதே வலிமை.